நான்காவது கார்னர்பேக் யார்? ஓர் என்.எஃப்.எல். அணியின் மாற்று வரிசையை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

2021 டிசம்பர் 5. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் ஓர் ஆட்டம். பிட்ஸ்பர்க்கில் ஸ்டீலர்ஸ் 20, பால்டிமோர் ரேவன்ஸ் 19. ஆட்டம் முடிய 12 வினாடிகளே இருந்தன. ரேவன்ஸ் அப்போதுதான் டச் டவுன் அடித்திருந்தது. ஒரு புள்ளிக்கான வழக்கமான உதையை அடித்தால் ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போகும். பயிற்சியாளர் ஜான் ஹார்பா உதைப்பவரை அனுப்பவில்லை. இரண்டு புள்ளி முயற்சிக்குத் துணிந்தார். டி.ஜே. வாட் பாய்ந்து வந்து நெருக்க, பந்தை எறியும் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் அவசரமாக எறிந்த பந்து மார்க் ஆண்ட்ரூஸின் விரல்களில் பட்டுக் கீழே விழுந்தது. தோல்வி.

பிறகு ஹார்பா சொன்ன காரணத்தைத்தான் இந்த விளையாட்டைப் பார்க்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தம்மிடம் கார்னர்பேக்குகள், அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களைக் காவல் காக்கும் தற்காப்பு வீரர்கள், ஏறத்தாழ யாருமே மிச்சமில்லை என்றார் அவர். மார்கஸ் பீட்டர்ஸ் சீசன் தொடங்கும் முன்பே பயிற்சியில் முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறியிருந்தார். மார்லன் ஹம்ஃப்ரி அதே ஆட்டத்தில் மார்புத் தசை கிழிந்து போனார். ஒரு தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தின் கடைசி முடிவை எடுக்கும்போது, குவாட்டர்பேக்கை விடத் தன் ஐந்தாவது, ஆறாவது கார்னரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கால்பந்தின் அடிப்படை விதிகள் தெரிந்து, ஓர் அணியை ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. நட்சத்திர கார்னர் யார் என்பதை ஒளிபரப்பாளர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, நான்காவது ஆள் யார் என்பது.

படி 1: முதலில் எண்ணுங்கள்

கோடைப் பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர் வரை இருப்பார்கள். ஆகஸ்ட் இறுதியில் அது 53 ஆகச் சுருங்கும். ஆட்ட நாளில் சீருடை அணிந்து களத்துக்கு வரக்கூடியவர்கள் 48 பேர் வரைதான். இந்த 53 பேரில் பெரும்பாலான அணிகள் ஐந்து அல்லது ஆறு கார்னர்களை வைத்திருக்கும்.

ஐந்தாறு பேர் என்றால் தாராளமாகத் தோன்றும். ஆனால் அணிப் பட்டியல்கள் இன்னும் பழைய வழக்கத்தில் "இரண்டு தொடக்க கார்னர்கள்" என்றே அச்சிடுகின்றன. இன்றைய தாக்கும் அணிகள் பெரும்பாலான நகர்வுகளில் மூன்று ரிசீவர்களோடு நிற்கின்றன. அதற்கு ஈடாகத் தற்காப்பு அணி நடுவில் நிற்கும் தற்காப்பு வீரரான லைன்பேக்கர் ஒருவரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்கள வீரரைச் சேர்க்கிறது. இதற்குப் பெயர் நிக்கல். பின்களத்தில் ஆறு பேர் நின்றால் அது டைம் (dime). நிக்கல்தான் இப்போது ஏறக்குறைய எல்லா அணிகளுக்கும் உண்மையான அடிப்படை அமைப்பு. ஆகவே மூன்றாவது கார்னரை மாற்று வீரர் என்று எண்ணாதீர்கள். அவர் தொடக்க வீரரே. மாற்று வரிசை நான்காவது ஆளிடமிருந்துதான் தொடங்குகிறது.

2015 டென்வர் பிராங்கோஸ் இதற்கு நல்ல சான்று. அக்கிப் தலீப், கிறிஸ் ஹாரிஸ் ஜூனியர் இருவரும் ஏற்கெனவே இருந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு) முதல் சுற்றுத் தேர்வைச் செலவழித்து பிராட்லி ரோபியை எடுத்து வைத்திருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு முதல் சுற்றா என்று அப்போது கேட்கலாம். ஸ்டீலர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், டென்வர் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நேரத்தில், ஃபிட்ஸ்ஜெரால்ட் டூசைன்ட் கையிலிருந்த பந்தைக் குத்தித் தள்ளியவர் அந்த ரோபிதான். அந்த அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் 50ஐ 24-10 என வென்றது.

படி 2: வெளியே நிற்பவரையும் உள்ளே நிற்பவரையும் பிரியுங்கள்

களத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று அதிகம். ஓரத்தில் ஆடும் கார்னருக்கு எல்லைக்கோடு ஒரு கூட்டாளி. ரிசீவரை அந்தப் பக்கம் ஒடுக்கிவிட்டால் போதும். உயரம், நீண்ட கைகள், நேர்கோட்டு வேகம் அங்கே தேவை. உள்ளே, ஸ்லாட் எனப்படும் இடத்தில், அந்தக் கூட்டாளி இல்லை. ரிசீவர் இடமும் திரும்பலாம், வலமும் திரும்பலாம். பந்தைச் சுமந்து ஓடுபவரும் அந்த வழியாகத்தான் வருவார் என்பதால் ஸ்லாட் கார்னர் துணிந்து மோதி வீழ்த்தவும் வேண்டும். சில நகர்வுகளில் குவாட்டர்பேக் மீதே பாயவும் வேண்டும்.

இரண்டையும் செய்யக்கூடியவர்கள் அரிது. கிறிஸ் ஹாரிஸ் ஜூனியர் செய்தார். கான்சாஸ் சிட்டியின் டிரென்ட் மெக்டஃபி செய்தார். அப்படி ஒருவர் அணியில் இருந்தால், உங்கள் கணக்கில் அவரை ஒன்றரை ஆளாக எழுதிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒருவர் விழுந்தால் அவரை வெளியே நகர்த்தலாம், உள்ளே ஒருவர் விழுந்தால் உள்ளே இழுக்கலாம்.

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: இடது ஓரம், வலது ஓரம், ஸ்லாட். ஒவ்வொன்றிலும் முதல் ஆள், அடுத்த ஆள். ஒரே பெயர் இரண்டு பத்திகளில் "அடுத்த ஆள்" என வந்தால் அங்கே சுழித்து வையுங்கள். ஒரே நேரத்தில் இருவர் அடிபட்டால் அந்த அணி சிக்கிக்கொள்ளும் இடம் அது.

படி 3: எதிரணி குவாட்டர்பேக்கின் கண்ணால் பாருங்கள்

மற்ற இடங்களில் ஒரு பலவீனமான வீரரை ஓரளவு மறைக்கலாம். வரிசையில் நிற்கும் தடிமனான தற்காப்பு வீரர் ஒருவர் சுமாரானவர் என்றால் பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் தாங்குவார். கார்னருக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் பந்து எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் எதிரணிக்காரர். ஏரிக்கரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தண்ணீர் எலிவளையைத் தேடிப் போகும். லீகின் மிகச் சிறந்த கார்னர் ஒரு பக்கம் நின்றால், குவாட்டர்பேக் அந்தப் பக்கம் திரும்பாமலேயே ஓர் ஆட்டத்தை முடித்துவிட முடியும்.

விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. 1978 முதல், ஐந்து யார்டைத் தாண்டியபின் ரிசீவரைத் தட்டித் தடுக்க அனுமதி இல்லை. ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களை நசுக்கிய விதம்தான் அந்த விதிக்கு வழிவகுத்தது. அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. பந்து வரும்போது ரிசீவரைத் தவறாகத் தடுத்தால் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். ஒரு பதற்றமான மாற்று கார்னர் ஒரே இழுப்பில் 40 யார்டைத் தானமாகக் கொடுத்துவிட முடியும்.

இதை முழுதாகப் புரிந்துகொள்ள 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த 49ஆவது சூப்பர் பவுலைத் தேடிப் பாருங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. கடைசி இடைமறிப்பை எல்லோரும் அறிவார்கள். அதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

முதல் கால்பகுதியில் சியாட்டிலின் நிக்கல் கார்னர் ஜெரமி லேன், டாம் பிரேடியின் பந்தை இடைமறித்தார். பந்தோடு ஓடியவர் விழுந்ததில் கை முறிந்தது. அவருடைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. உள்ளே வந்தவர் தரோல்ட் சைமன். அந்த அணியின் பின்களத்தில் ரிச்சர்ட் ஷெர்மன், எர்ல் தாமஸ், கேம் சான்சலர் என்று பெரிய பெயர்கள் நின்றன. பிரேடி கண்டது சைமனை. இரண்டாம் கால்பகுதியில் பிராண்டன் லஃபெல் பிடித்த டச் டவுன் சைமன் மீது. ஆட்டம் முடிய இரண்டே நிமிடங்கள் இருக்க, ஜூலியன் எடல்மன் பிடித்த வெற்றி டச் டவுனும் சைமன் மீதுதான். சைமனைக் குறை சொல்லி என்ன பயன்? நான்காவது ஆளை நோக்கி உலகின் தலைசிறந்த எறிவாளர் மூன்று கால்பகுதிகள் எறிந்துகொண்டே இருந்தார்.

மறுபக்கம் பேட்ரியட்ஸுக்கும் அதே தொல்லை இருந்தது. அதுவரை என்.எஃப்.எல்.லில் ஒரு பந்தைக்கூடப் பிடித்திராத கிறிஸ் மேத்யூஸ் என்ற உயரமான ரிசீவர், மூன்றாவது கார்னரான கைல் ஆரிங்டனின் தலைக்கு மேல் பந்துகளை எடுக்கத் தொடங்கினார். அந்த ஆட்டத்தில் மேத்யூஸ் மொத்தம் 109 யார்டு. பேட்ரியட்ஸ் ஆரிங்டனை வெளியே எடுத்தது, 6 அடி 4 அங்குல பிராண்டன் பிரவுனரை மேத்யூஸ் மீது நகர்த்தியது, இரண்டாம் பாதியில் மால்கம் பட்லரை உள்ளே அனுப்பியது. பட்லர் மேற்கு அலபாமா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்து, டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காததால் முயற்சிப் பயிற்சிக்கு வந்து இடம்பிடித்த புதுமுகம்.

கடைசி நிமிடம். பட்லர் தட்டிவிட்ட பந்தே சியாட்டில் ரிசீவர் ஜெர்மெய்ன் கர்ஸின் கால்களில் பட்டுத் துள்ளி கர்ஸின் கையிலேயே விழுந்தது. அடுத்த நகர்வில் பந்து கோட்டிலிருந்து ஒரு யார்டு தொலைவுக்கு வந்தது. சியாட்டில் மூன்று ரிசீவர்களை நிறுத்த, பேட்ரியட்ஸ் கோட்டருகே மூன்று கார்னர்களோடு நிற்கும் அமைப்பை அழைத்தது. பட்லர் ஓடி வந்தார். பிரவுனர் கர்ஸை நின்ற இடத்திலேயே முட்டி நிறுத்தினார். அந்த இடைவெளியில் பட்லர், ரிக்கார்டோ லாக்கெட்டை முந்திப் பந்தைப் பறித்தார். இதே நகர்வில் அவர் பயிற்சியின்போது ஏமாந்திருந்தார். அணியில் அன்றைய முதல் பெயர் டாரெல் ரெவிஸ். கோப்பை வந்தது ஆட்டத்தைத் தொடங்காத ஒருவரின் கையால்.

படி 4: அந்த அணி எப்படிக் காவல் நிற்கிறது என்று கேளுங்கள்

ஆளுக்கு ஆள் காவல் நிற்கும் அணிக்கு நல்ல கார்னர்கள் அதிகம் தேவை. பகுதிக் காவலை நம்பும் அணி நடுத்தரமானவர்களைக் கொண்டும் ஒப்பேற்றலாம், பின்னால் நிற்கும் சேஃப்டிகள் துணைக்கு வருவார்கள். குவாட்டர்பேக்கை இரண்டரை வினாடியில் நெருக்கிவிடும் முன்வரிசை இருந்தால் கார்னரின் வேலை பாதியாகும். பிராங்கோஸுக்கு வான் மில்லரும் டிமார்கஸ் வேரும் இருந்ததை மறக்கக் கூடாது.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. 2013 சீஹாக்ஸில் பிராண்டன் பிரவுனரும் வால்டர் தர்மண்டும் தடை விதிக்கப்பட்டு வெளியே போக, 2011 டிராஃப்டின் ஆறாம் சுற்றுத் தேர்வான பைரன் மேக்ஸ்வெல் உள்ளே வந்தார். அந்த சீசனில் நான்கு இடைமறிப்புகள்; டென்வரை 43-8 என்று நொறுக்கிய சூப்பர் பவுலில் டிமாரியஸ் தாமஸின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டதும் அவர்தான். 2015இல் பிலடெல்பியா அவருக்கு ஆறு ஆண்டு, 6 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஓர் ஆண்டிலேயே மயாமிக்கு அனுப்பிவிட்டது. சியாட்டிலில் அவருக்கு வாய்த்த அமைப்பும் அண்டை வீரர்களும் அங்கே இல்லை. ஆகவே மாற்று வீரர் நல்லவரா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த அணியின் முறைக்கு அவர் பொருந்துகிறாரா என்று கேளுங்கள்.

படி 5: உதை ஆட்டங்களில் அவரைத் தேடுங்கள்

ஐந்தாவது, ஆறாவது கார்னர்களுக்கு ஆட்ட நாளில் சீருடை கிடைப்பதே பந்து உதைக்கப்படும் நகர்வுகளுக்கான சிறப்பு அணிகளால்தான். பந்தை உதைத்ததும் களத்தின் ஓரத்திலிருந்து புயலாக ஓடி, அதைப் பிடிப்பவரை வீழ்த்தும் கன்னர் வேலைக்கு கார்னரின் உடல்வாகு பொருந்தும். அரிசோனாவின் ஜஸ்டின் பெத்தெல் இந்த வேலைக்காகவே மூன்று முறை லீகின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார். முகாமில் இரு இளைஞர்கள் சமமாக ஆடினால், இதைச் செய்யத் தெரிந்தவரே அணியில் நீடிப்பார்.

படி 6: ஒவ்வொருவரும் எந்த வழியாக வந்தார், என்ன விலை என்று எழுதுங்கள்

2025இல் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய வரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். அதே கோடையில் நியூயார்க் ஜெட்ஸின் சாஸ் கார்ட்னருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் கிடைத்தது. ஒருவருக்கே வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், மற்ற ஐந்து பேர் மலிவாக இருந்தே ஆக வேண்டும். மலிவான நல்ல வீரர்களைத் தொடர்ந்து கண்டெடுக்கும் அணியே இந்த இடத்தில் ஜெயிக்கிறது.

கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் இதை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தியது. டிராஃப்டில் யாரும் எடுக்காத சார்வேரியஸ் வார்டை 2018இல் டல்லாஸிடமிருந்து ஒரு சிறிய பரிமாற்றத்தில் வாங்கினார்கள். வளர்ந்தார், சூப்பர் பவுல் வென்றார், 2022இல் விலை ஏறியதும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அவர் போன அதே ஆண்டு டிராஃப்டில் முதல் சுற்றில் மெக்டஃபி, நான்காம் சுற்றில் ஜோஷுவா வில்லியம்ஸ், ஏழாம் சுற்றில் ஜெய்லன் வாட்சன் என்று மூன்று கார்னர்களை எடுத்தார்கள். ஏற்கெனவே இருந்த லஜேரியஸ் ஸ்னீட் 2020இன் நான்காம் சுற்று.

முதல் வாரத்திலேயே மெக்டஃபிக்குத் தொடைத் தசைக் காயம். இரண்டாம் வாரம் அவர் இடத்தில் நின்ற வாட்சன், 17-17 என்று ஆட்டம் இழுபறியாக இருந்தபோது சார்ஜர்ஸின் பந்தைத் தன் கோட்டருகே பறித்து 99 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். ஜனவரியில், சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில், ஸ்னீட் தொடக்கத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். ஜமார் சேஸ், டீ ஹிக்கின்ஸ் போன்றோரை எதிர்கொள்ள மூன்று புதுமுகங்கள் மட்டுமே மிச்சம். ஜோ பரோவின் இரண்டு பந்துகள் இடைமறிக்கப்பட்டன. ஒன்று வாட்சன், ஒன்று வில்லியம்ஸ். 23-20 வெற்றி, அடுத்து சூப்பர் பவுல் கோப்பை. ஓராண்டு கழித்து, இன்னொரு கோப்பைக்குப் பின், ஸ்னீடையும் டென்னசிக்கு அனுப்பிவிட்டு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வை வாங்கிக்கொண்டார்கள். மாற்று வரிசை ஆழமாக இருந்தால் பேரம் பேசும் துணிச்சலும் வரும்.

உங்கள் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சுற்று, ஆண்டு, ஒப்பந்தம் முடியும் ஆண்டு மூன்றையும் குறியுங்கள். இரண்டு முக்கிய ஒப்பந்தங்கள் ஒரே ஆண்டில் முடிகின்றன, கீழே இளைஞர் யாரும் இல்லை என்றால், அந்த அணி அடுத்த டிராஃப்டில் கார்னரை எடுத்தே தீரும்.

படி 7: காயம் வரும் என்றே வைத்துக்கொண்டு விதிகளைப் படியுங்கள்

2021 முதல் சீசனுக்கு 17 ஆட்டங்கள். பின்னோக்கி ஓடி, திடீரென்று திரும்பி, முழு வேகத்தில் பாயும் வேலை இது; தொடைத் தசையும் முழங்காலும் எப்போதும் அபாயத்தில். காயப் பட்டியலில் வைக்கப்பட்டவர் குறைந்தது நான்கு ஆட்டங்களை இழக்க வேண்டும். அவசரத்துக்கு 16 பேர் கொண்ட பயிற்சிக் குழு உண்டு. ஓர் ஆட்டத்துக்கு இருவரை அதிலிருந்து தற்காலிகமாக ஏற்றலாம், ஒரே வீரரை ஒரு சீசனில் மூன்று முறை மட்டும். நல்ல இளைஞரை அங்கேயே ஒளித்துவைக்கவும் முடியாது. வேறோர் அணி அவரைத் தன் 53 பேரில் சேர்த்துக்கொள்ள உரிமை உண்டு.

இப்போது ரேவன்ஸ் கதையின் மீதி. அந்த டிசம்பர் தோல்விக்கு முன் அவர்கள் 8-3, அதாவது எட்டு வெற்றி, மூன்று தோல்வி. அதிலிருந்து தொடங்கி ஆறு ஆட்டங்களையும் தோற்று 8-9 என முடித்தார்கள். ஜாக்சனின் கணுக்கால் காயமும் அதற்குக் காரணம். ஆனால் ஜோ பரோ ஒரே ஆட்டத்தில் அவர்கள் மீது 525 யார்டு எறிந்ததற்கு ஜாக்சன் பொறுப்பல்ல. அந்த ஆண்டு எறிபந்தில் மிக அதிக யார்டுகளை விட்டுக்கொடுத்த அணி பால்டிமோர்.

பாடம் படித்தார்கள். 2022 டிராஃப்டில் நான்காம் சுற்றில் இரண்டு கார்னர்கள், கூடவே அனுபவசாலி கைல் ஃபுல்லர். ஃபுல்லருக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. இரண்டாம் ஆட்டத்தில் மயாமிக்கு எதிராக 35-14 என்ற முன்னிலையோடு நான்காம் கால்பகுதிக்குள் நுழைந்தார்கள். டைரீக் ஹில் 48 யார்டிலும் 60 யார்டிலும் ஆளில்லாமல் ஓடினார், டுவா டகோவைலோவா ஆறு டச் டவுன்கள் எறிந்தார், 42-38 தோல்வி. எண்ணிக்கை இருந்தது, அனுபவம் இல்லை. நான்காம் சுற்றுப் புதுமுகம் இரண்டாம் வாரத்தில் ஹில்லைத் துரத்துவதை ஆழம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2023இல் வேறு வழி. ஆகஸ்டில் ஹம்ஃப்ரிக்குக் காலில் அறுவைச் சிகிச்சை. அணிக்கு ரோனால்ட் டார்பியும் ஆர்தர் மோலெட்டும் வந்திருந்தார்கள். சந்தை அடங்கியபின் குறைந்த விலைக்குக் கிடைத்த அனுபவசாலிகள். சேஃப்டிக்கும் கார்னருக்கும் இடையே அலைந்துகொண்டிருந்த பிராண்டன் ஸ்டீபன்ஸ் ஓரத்தில் நிலைபெற்றார். அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி பால்டிமோர், 13-4. என் கணிப்பில் சிறந்த கலவை இதுதான்: மேலே விலைமதிப்புள்ள ஒருவர், கீழே வளரும் இருவர், நடுவில் ஆகஸ்டில் வந்து சேரும் ஒரு பழைய கை.

ஆழம் இருந்தும் கெடுப்பது பயிற்சியாளரின் கையில். 52ஆவது சூப்பர் பவுலில், சீசன் முழுக்கக் கிட்டத்தட்ட எல்லாத் தற்காப்பு நகர்வுகளிலும் ஆடிய மால்கம் பட்லரை பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் ஒரு தற்காப்பு நகர்வுக்குக்கூட இறக்கவில்லை. எரிக் ரோவும் ஜான்சன் படமோசியும் நின்றார்கள். பிலடெல்பியாவின் மாற்று குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் 373 யார்டு எறிந்தார், 41-33. காரணத்தை பெலிசிக் முழுதாக விளக்கவே இல்லை. எந்த வழிகாட்டியாலும் இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

படி 8: ஆட்ட நாளில்

தொடக்கத்துக்கு 90 நிமிடங்கள் முன்பு ஆடாதோர் பட்டியல் வெளியாகும். அதில் இரண்டு கார்னர்களின் பெயர்கள் இருந்தால், பயிற்சிக் குழுவிலிருந்து யாரை ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏற்றப்பட்டவரும் கார்னர் என்றால் அணி பதற்றத்தில் இருக்கிறது. பிறகு நடுவில் யாராவது நொண்டிக்கொண்டு வெளியேறும்போது, விளம்பர இடைவேளைக்குப் பின் உள்ளே வருபவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த நான்கைந்து எறிதல்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர் பக்கம்தான் போகும். போகவில்லை என்றால் ஒரு சேஃப்டி அவருக்குத் துணையாகச் சாய்ந்து நிற்கிறார் என்று பொருள். அப்போது மறு ஓரத்தில் தனியாக விடப்பட்ட கார்னரைப் பாருங்கள். குவாட்டர்பேக்கும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.